இணைப்பு ஒன்பதில் பதினான்கு வேன்கள்

அடிவாரப் பேருந்து நிலையம் எதிரில்,
மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நேற்றுக் காலை உன் துறை ஊழியர் ஒருவர் வந்து என் அலுவலகக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். வரும் ஜனவரி முதல் தேதியிலிருந்து டீசல் வண்டி எதுவும் மேல் ஏரிக்கு ஏறக் கூடாது. என்னிடம் இருப்பது பதினான்கு வேன். பதினான்கும் டீசல். நடந்தது இவ்வளவுதான்.

நீ எப்படி இருக்கிறாய்? நான் நன்றாகத்தான் இருந்தேன், நேற்றுக் காலை பத்து மணி வரை. உன் அண்ணிக்கு முழங்கால் வலி. மாடி ஏறும்போது படிக்கு ஒரு தடவை என்னைத் திட்டுகிறாள். படி கட்டியது நானாம்.

மூன்று முறை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. அறிவிப்பின் அடியில் 'சட்டப் பிரிவு' என்று போட்டிருக்கிறது. அது நீ உட்காரும் பிரிவுதானே? இதை எழுதின புண்ணியவான் யார்? பக்கத்து மேஜைக்காரர் என்றால் என் சார்பில் நாலு வார்த்தை கேள்.

நான் முதலில் இந்த வேன்களைக் கழுவினவன், பிறகு ஓட்டினவன், அதன் பிறகுதான் வாங்கினவன். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு முப்பத்தொரு பேர் என் ஷெட்டை நம்பிக் காலையில் எழுந்திருக்கிறார்கள். மூத்த டிரைவர், நாங்கள் 'பிரேக்' என்று கூப்பிடுவோமே, அவர் அறிவிப்பைப் படித்துவிட்டு, "முதலாளி, கழுதை வாங்கிடலாமா? அது புகை விடாது" என்றார். "அதுக்கும் பெர்மிட் கேப்பாங்க. பின்னாடி என்ன விடுதுன்னு அளக்க ஓர் ஆள் வருவான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரும் வண்டி எடுக்கப் போகவில்லை.

உடனே பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்


சட்டப் பிரிவு, மூன்றாம் மாடி,
மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். எங்கள் அறையில் நாலு பேருக்கு ஒரே மின்விசிறி. அதன் முகம் பெரும்பாலும் என் பக்கம் இருப்பதில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

நீ கேட்ட புண்ணியவான் நான்தான். ஏழு ஏரிகளுக்கும் மூன்று மலைப்பாதைகளுக்கும் பொதுவாக ஒரு விதி எழுதச் சொன்னார்கள். எட்டு வருஷத்தில் முதல் முறையாக, கமிட்டி முன் நின்று அதை விளக்கப்போவதும் நான்தான். உன் கதவில் ஒட்டினது உத்தரவு இல்லை, வரைவு. அறுபது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். எழுதின ஒவ்வொருவரையும் விசாரணைக்கு அழைத்துக் கேட்டாக வேண்டும்.

நான் போன் எடுக்காததற்குக் கோபப்படாதே. விதியால் பாதிக்கப்படுகிறவர்களோடு நாங்கள் வாய்ப்பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தில் வந்தால் வாங்கலாம், ஆனால் அதைக் கோப்பில் சேர்த்தாக வேண்டும். அதனால் இனி இரண்டு தாளில் எழுது. விதியைப் பற்றி ஒரு தாள், வீட்டைப் பற்றி ஒரு தாள்.

உன் மூன்றாம் தேதிக் கடிதம் ஒரே தாளில் வந்ததால் முழுசாகக் கோப்பில் ஏறிவிட்டது. கழுதையும் சேர்த்துத்தான். அண்ணியின் முழங்கால் இப்போது அரசாங்க ஆவணம், பக்கம் 41. எழுதினவர் என் அண்ணன் என்று அன்றைக்கே மேலதிகாரிக்குக் குறிப்பு கொடுத்தேன். "எண் போடற வேலைதானம்மா, தொடருங்க" என்றார்.

அண்ணியை டாக்டரிடம் கூட்டிப் போ. படியைத் திட்டினால் வலி குறையாது.

அன்புடன்,
தங்கை


அடிவாரம்,
மார்ச் 19

முதல் தாள் (கோப்புக்கு)

ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

மேல் ஏரியில் எண்ணெய்ப் படலம் இருப்பதாகவும் சுற்றுலா வண்டிகளே அதற்குக் காரணம் என்றும் வரைவில் கண்டிருக்கிறது. மற்றவர் வண்டியைப் பற்றி நான் பேசவில்லை. என் வேனில் ஒரு சொட்டு ஒழுகினால் தொழிலை விட்டுவிடுகிறேன். மலையில் எங்கள் வேன் அளவுக்குச் சுத்தமான வண்டி கிடையாது. பளபளப்பைப் பார்த்துத்தான் பயணிகள் ஏறுகிறார்கள். காலைச் சவாரி முடிந்ததும் மதியம் ஒரு முறை கழுவாமல் எந்த வேனும் ஆள் ஏற்றாது. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் எங்கள் வழக்கம். ஆதாரத்துக்குப் படம் இணைத்திருக்கிறேன். ஏரிக்கு மேலே, ஓடைத்துறையில் பதினான்கு வேனையும் வரிசையாக நிறுத்தி எடுத்தது. அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும்.

இரண்டாம் தாள் (உனக்கு)

எப்படி என் ஆட்சேபம்? வக்கீலுக்கு ஒரு காசு கொடுக்காமல் நானே எழுதினது. படம் எடுக்க ஒரு முழு மதியம் போயிற்று. பிரேக் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று ஒவ்வொரு டயரையும் தேய்த்தார். "கல்யாணப் பொண்ணுக்குக் கூட இவ்வளவு அலங்காரம் ஆகாது முதலாளி" என்றார்.

எழுதினது நீ என்று தெரிந்ததும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதால் சொல்கிறேன். ஆனால் நீ உன் வேலையைச் செய், நான் என் வேலையைச் செய்கிறேன். பெர்மிட்டை விடப்போவதில்லை.

அண்ணி டாக்டரைப் பார்த்தாள். எடை குறைக்கச் சொன்னாராம். அந்த டாக்டரும் இப்போது என்னோடு சேர்ந்து திட்டு வாங்குகிறார். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்த மின்விசிறியை ஒரு நாளாவது உன் பக்கம் திருப்பு.

அண்ணன்


சட்டப் பிரிவு, மூன்றாம் மாடி,
மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

ஆட்சேபமும் படமும் வந்தன. வரிசை எண் கொடுத்துவிட்டேன். படம் பக்கம் 212. மிகத் தெளிவாக இருக்கிறது.

நான் சுகம். உன் கண் எப்படி இருக்கிறது? எழுத்து, படம் எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்கிறாயா? பழைய கண்ணாடியாக இருந்தால் மாற்றிவிடு. தள்ளிப்போடாதே.

இனி இந்த விஷயமாக எது அனுப்பினாலும் என் பெயருக்கு வேண்டாம், பிரிவின் பெயருக்கு அனுப்பு.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


அடிவாரம்,
ஏப்ரல் 9

அன்புள்ள தங்கைக்கு,

கண் டாக்டரைப் பார்த்தேன். கண் அப்படியே இருக்கிறது, கண்ணாடியும் அதுவே போதும் என்றார். வீண் செலவு வைத்துவிட்டாய். நீ நலமா? கடிதம் ஏன் தந்தி மாதிரி இருந்தது?

நேற்று ஒன்பது வேன் முதலாளிகளும் என் ஷெட்டில் கூடினோம். ஒன்பது பேரிடமும் சேர்த்து நாற்பத்தொரு வேன். வரைவை ஒருவர் உரக்கப் படித்தார். பதினொன்றாம் பத்தி வந்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். மின்சாரப் பேருந்து ஓட்டும் உரிமம், ஏற்கெனவே இருபது மின்சாரப் பேருந்தாவது வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தானாம். இந்த மலையில் இருபது வைத்திருப்பவன் யார்? ஒருவனும் இல்லை. ஆனால் தலைநகரத்துக் கம்பெனிக்காரர் ஒருவர் போன வாரமே வந்து, என் ஷெட் வாசலில் நின்று, வண்டி நிறுத்தும் இடத்தை நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார். என்னிடமே ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். நானும் பிடித்தேன், யார் என்று தெரியாமல்.

டீசலை நிறுத்து, சரி, அது ஒரு வாதம். ஆனால் எங்களை நிறுத்திவிட்டு இன்னொருவனை ஏற்றிவிடுவது எந்த ஊர் நியாயம்? பதினொன்றாம் பத்தியும் நீ எழுதினதுதானா?

இது ஒரே தாள் என்று எனக்குத் தெரியும். கோப்பில் சேர்த்தாலும் சரி. முடிந்தால் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று மட்டும் கேட்கிறேன். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

அண்ணி விசாரித்தாள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அண்ணன்


அடிவாரம்,
மே 20

தங்கைக்கு,

நாற்பத்தொரு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இன்று விசாரணை அழைப்பு வந்தது. கூடவே துறையின் அறிக்கை. இணைப்பு ஒன்பதைப் புரட்டினேன். என் படம்.

கீழே இப்படி அச்சாகியிருக்கிறது: 'ஏரிக்கு நீர் வரும் ஓடையில் வாகனங்கள் கழுவப்படுதல். நுரை, எண்ணெய்க் கறை, இடது ஓரத்தில் பழைய எண்ணெய் டிரம். ஆட்சேபித்தவரே அளித்தது.'

அந்த நீல டிரம் பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது. ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை. முதலாளிகள் எட்டுப் பேரும் வந்து ஆளுக்கொரு முறை என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் வாய் திறந்தார்: "எதிர்க்கட்சி வக்கீலுக்குக் குடுக்கற ஃபீஸை நம்ம ஆளு மிச்சம் பண்ணிக் குடுத்துட்டாருப்பா."

நீ படத்தைப் பார்த்த அன்றைக்கே உனக்குத் தெரியும். அதனால்தான் கண்ணாடியைப் பற்றிக் கேட்டாய். நேராக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தாளை எடுத்துக் கசக்கிப் போட்டிருக்கலாம். நீ எனக்குத் தங்கையா, இல்லை அந்தக் கோப்புக்குத் தங்கையா?

உடம்பை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

அண்ணன்


ஆவண அறை, கீழ்த்தளம்,
ஜூன் 6

அன்புள்ள அண்ணா,

நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நலம். இந்த அறை குளிர்ச்சியாக இருக்கிறது. மின்விசிறிக்குச் சண்டை இல்லை. தூசிதான், தும்மல் வருகிறது. அண்ணியின் முழங்கால் எப்படி?

உன் படம் வந்த அன்று மேஜையில் நானும் அதுவும் மட்டும்தான் இருந்தோம். மற்ற மூன்று பேரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கசக்கியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். பிறகு அந்தக் கமிட்டி முன் நின்று 'ஏரியைக் காக்க வேண்டும்' என்று எந்த வாயால் சொல்வேன்? நேராகச் சொல்லவும் முடியவில்லை. ஆட்சேபிக்கிற ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால், மீதி நானூறு பேருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எண் போட்டேன். அடுத்த தாளில், 'இதை எழுதியவர் என் உடன்பிறந்தவர், இந்தச் சான்றை நான் ஆராய்வது முறையல்ல, கோப்பை வேறொருவருக்குக் கொடுங்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மார்ச் 28க்குப் பிறகு அந்தக் கோப்பை நான் தொடவில்லை. அறிக்கையை எழுதினது வேறொருவர். உன் ஏப்ரல் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். பதில் போட்டால் எதை எழுதினாலும் தப்பாகிவிடும் என்று இருந்துவிட்டேன். நாற்பத்தொரு நாளை நானும்தான் எண்ணினேன்.

பதினொன்றாம் பத்தி என் தப்பு. அனுபவம் உள்ளவர்கள் ஓட்டினால் பயணிகளுக்கு நல்லது என்று நினைத்தேன். மலையில் யாரிடம் எத்தனை வண்டி இருக்கும் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. வேன் முதலாளியின் தங்கைக்கே தோன்றவில்லை. நான் சொல்லி இனி அது மாறாது. விசாரணையில் நீங்கள் சொன்னால் மாறலாம்.

இப்போது நான் போனில் பேசலாம். நீ எடுப்பாயோ மாட்டாயோ என்றுதான் கடிதம்.

தங்கை


அடிவாரம்,
ஜூன் 21

அன்புள்ள தங்கைக்கு,

போன் வேண்டாம். என்னால் போனில் கத்தத்தான் முடியும். எழுதினால் கொஞ்சம் யோசிக்கிறேன்.

நாங்கள் டீசல் வாங்கினால் முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசைக்காமல் வைப்போம், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கலந்திருந்தால் காலையில் அடியில் தங்கி நிற்கும். பங்க்காரனை அப்படித்தான் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். உன் கடிதம் வந்த மறுநாள், கழுவி முடித்த நேரத்தில் ஓடைத்துறைக்குக் கீழே போய் அதே பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். காலையில் பார்த்தால் மேலே ஒரு வளையம், விரல் நகத் தடிமனுக்கு. முகர்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சோறு போட்ட வாசனை.

பிரேக் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணி கலந்த டீசல் வித்தவனை நாம செருப்பால அடிக்கப் போனோம் முதலாளி" என்றார். பாட்டிலை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனார். 

நான் வியாபாரி. ஏரி அழகு, இயற்கை என்றெல்லாம் எனக்குப் பேச வராது. ஆனால் ஆட்கள் என் வேனைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவில்லை, ஏரியைப் பார்க்க வருகிறார்கள். நான் விற்கிற சரக்கு அதுதான். சரக்கை நானே கெடுத்துக்கொண்டு, ஓட்டுகிற உரிமைக்குச் சண்டை போட்டு என்ன பிரயோஜனம்? ஓடைத்துறையில் கழுவுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். டிரம்மையும் எடுத்தாயிற்று. பயணிகள், "என்னங்க வண்டி இவ்வளவு அழுக்கா இருக்கு?" என்று கேட்கிறார்கள். "ஏரி சுத்தமா இருக்கணும்னா அப்படித்தாங்க" என்கிறேன். பாதிப் பேர் பக்கத்து வேனுக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

ஆனால் ஒதுங்கிப் போகமாட்டேன். மூன்று நாளைக்கு ஒரு மின்சாரப் பேருந்தை வாடகைக்கு எடுத்து, டிரைவர்கள், கிளீனர்கள், அவர்கள் வீட்டார் என்று எல்லோரையும் ஏற்றி, பிரேக் ஓட்டினார். ஏற்றத்துக்கு பேட்டரியில் நூற்றுக்கு நாற்பத்தாறு போகிறது. இறக்கத்தில் பதினொன்று திரும்ப வருகிறது. இரண்டாம் நாள், உங்கள் வரைவில் இருக்கிற மாதிரியே, மேலே ஏரிப் பக்கம் வைத்து பேட்டரியை முழுசாக நிரப்பிக்கொண்டு இறங்கினார். மூன்றாம் வளைவில் பிரேக்குக்கே வியர்த்துவிட்டது. நிறைந்த பேட்டரியில் இறக்கத்துச் சக்தி போய் அடைய இடம் இல்லை. மோட்டார் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. முப்பது பேர் பாரமும் பிரேக் கட்டையின் மேல். கட்டை கருகுகிற வாசனை உள்ளே வரை வந்தது. உங்கள் எஞ்சினியர் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்னவோ. சார்ஜ் போடும் இடம் அடிவாரத்தில்தான் இருக்க வேண்டும். இதை விசாரணையில் சொல்லப்போகிறேன்.

உன் முகவரி ஏன் மாறியிருக்கிறது? கீழ்த்தளத்தில் உனக்கு என்ன வேலை?

தும்மலுக்கு வெந்நீர் குடி. அண்ணி இப்போது படியை விட்டுவிட்டு அழுக்கு வேனைத் திட்டுகிறாள்.

அண்ணன்


ஆவண அறை, கீழ்த்தளம்,
ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெந்நீர் குடிக்கிறேன். தும்மல் பரவாயில்லை. நீ வெயிலில் அலையாதே.

விசாரணை இரண்டாம் மாடியில், பெரிய அறையில். ஒருவருக்குப் பத்து நிமிஷம். அழைப்பின் பின்பக்கம் எல்லாம் அச்சாகியிருக்கிறது, நீ அதைத் திருப்பியிருக்க மாட்டாய். பிரேக்கையும் கூட்டி வரலாம். சான்றுப் பொருள் கொண்டு வரலாம், உடையாமல் இருந்தால் சரி.

அண்ணியிடம் இனி மாடியை விட்டுக் கீழ் அறையில் படுக்கச் சொல்.

தங்கை


அடிவாரம்,
ஜூலை 30

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக ஊர் திரும்பினேன். அண்ணி கீழ் அறைக்கு மாறிவிட்டாள். வலி குறைந்திருக்கிறது. நீ சொன்னதை நான் சொன்னதாகச் சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டேன்.

விசாரணையில் நடந்ததைக் கேள். தலைமை அதிகாரி படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல இருக்கிற வேன் எல்லாம் உங்களோடதா?"

"பதினாலும் என்னோடதுதாங்க."

"இந்த நுரை?"

"அதுவும் என்னோடதுதான்."

மற்ற முதலாளிகள் வைத்த வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கம்பெனிக்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுச் சிரித்தார். நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இது என்ன?"

"ஓடைத் தண்ணிங்க. மேல நிக்கிறது எண்ணெய். எங்க எண்ணெய்தான். கழுவறதை நிறுத்தியாச்சு. அதுக்கு என்ன அபராதமோ போடுங்க, கட்டறேன். ஆனா தப்பு பண்ணினவனைத் திருத்திக்கச் சொல்றதுதானே சட்டம்? அவனைத் துரத்திட்டு, அவன் பாதையைத் தூக்கி இன்னொருத்தருக்குக் குடுக்கறதும் சட்டமா? இருபது பஸ் இருந்தாதான் உரிமம்னா, இங்க இருக்கிற ஒன்பது பேருல ஒருத்தருக்கும் கிடைக்காது. அவருக்கு மட்டும் கிடைக்கும்" என்று கம்பெனிக்காரரைக் காட்டினேன். கால் கீழே இறங்கியது.

பிறகு பேட்டரிக் கணக்கைச் சொன்னேன். எஞ்சினியர் நம்பவில்லை. "மேல சார்ஜ் பண்ணினா அப்படி என்ன ஆயிடும்?" என்றார். பிரேக் எழுந்தார். "ஒரு தடவை என்கூட இறங்கிப் பாருங்க சார். அப்புறம் கேள்வி கேக்கறதுக்கு நீங்க இருக்கணும்." அறை முழுக்கச் சிரிப்பு. எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். அங்கேயே தேதி கேட்டார், வந்து இறங்கிப் பார்க்கிறேன் என்று.

பத்து நிமிஷம் என்றது நாற்பது நிமிஷம் ஆனது. கிளம்பும்போது தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "உங்க வீட்டம்மாவுக்கு முழங்கால் இப்ப எப்படி இருக்கு?" என்றார். நான் முழித்தேன். "பக்கம் 41" என்றார்.

வெளியே உன் பழைய பிரிவுக்காரர் ஒருவரைப் பார்த்தேன். "கமிட்டிக்குப் போற லிஸ்ட்ல அவங்க பேருதாங்க முதல்ல இருந்துச்சு. அவங்களாவே எழுதிக் குடுத்து விலகிட்டாங்க. 'விதியை எழுதினவங்களே விளக்க வரலைன்னா என்ன அர்த்தம்'னு மேல கோவம். கீழ அனுப்பிட்டாங்க" என்றார். நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதாமல் விட்டது இதைத்தானா?

கீழ்த்தளத்துப் படி வரை வந்தேன். பன்னிரண்டு படி. இரண்டு படி இறங்கினேன். பிறகு, முடிவு வருவதற்குள் நான் உன் அறைக்குள் போனதை யாராவது பார்த்தால் நீ விலகினதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. திரும்ப ஏறிவிட்டேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தனுப்பலாமா என்று யோசித்தேன். அதையும் செய்யவில்லை.

மே மாசம் நான் எழுதின கடிதத்தைக் கிழித்துப் போடு. அது கோப்பில் சேராததுதானே?

அண்ணன்


ஆவண அறை, கீழ்த்தளம்,
செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணா,

சுகம். தும்மல் நின்றுவிட்டது. தூசிக்கு நான் பழகிவிட்டேனா, எனக்குத் தூசி பழகிவிட்டதா தெரியவில்லை.

அன்று மதியம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உன் நடை எனக்குத் தெரியாதா? வலது கால் கொஞ்சம் இழுக்கும். இரண்டு படி இறங்கி நின்றது. நானும் எழுந்து கதவு வரை வந்தேன். சத்தம் மேலே ஏறுகிற வரை அங்கேயே நின்றுவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

மே மாசக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நான் எதையும் கிழிக்கிற ஆள் இல்லை என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் இருக்கிறது, மற்றவற்றோடு.

விதி வெளியாகிவிட்டது என்று மாடியில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு விவரம் தெரியாது. முடிந்துபோன கோப்புதான் இந்த அறைக்கு வரும். அது இன்னும் வரவில்லை. நீயே சொல்லேன். என்ன ஒத்துக்கொண்டார்கள், நீ என்ன ஒத்துக்கொண்டாய்?

அண்ணிக்கு அன்பு. பிரேக்குக்கு என் வணக்கம்.

தங்கை


அடிவாரம்,
செப்டம்பர் 27

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். பெட்டியைப் பூட்டி வை. அண்ணி கண்ணில் அந்த மே மாசக் கடிதம் பட்டால் எனக்குச் சோறு கிடைக்காது.

எஞ்சினியர் சொன்னபடி வந்தார். மேலே பேட்டரியை நிரப்பிக்கொண்டு பிரேக்கோடு இறங்கினார். நாலாம் வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மீதி வழியை நடந்தே வந்தார். சார்ஜ் போடும் இடம் அடிவாரத்துக்கு வந்துவிட்டது.

டீசல் வண்டிக்கு வரும் ஜனவரி இல்லை, அதற்கு அடுத்த ஜனவரி வரை தவணை. நான் மூன்று வருஷம் கேட்டேன், கிடைக்கவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் நாற்பத்தொரு பெர்மிட்டையும் திருப்பிக் கொடுத்து ஒரு சங்கமாகச் சேர வேண்டும். சங்கத்துக்குப் பதினெட்டு மின்சாரப் பேருந்து. முதலாளிகள் ஒன்பது பேரை ஒரு பெயரில் சேர்ப்பதற்குள் எனக்குப் பதினான்கு வேனையும் ஒற்றை ஆளாகக் கழுவுவதே தேவலை என்று ஆகிவிட்டது. இருபது பஸ் என்ற பேச்சைப் பதினொன்றாம் பத்தியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போயிருக்கிறார். இப்போது ஓட்டுகிறவர்களுக்கும் கிளீனர்களுக்கும்தான் முதலில் வேலை தர வேண்டும் என்று எழுதி வாங்கினேன். என் முப்பத்தொரு பேரும் இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஏரிக்கு விடமாட்டார்கள். இரண்டாயிரத்துக்கு மன்றாடினேன், அசையவில்லை. அந்த எண்ணை எழுதினதும் நீதான் என்று பேச்சு. அதில் நீ தப்புப் பண்ணவில்லை.

கழுவுவது இனி அடிவார ஷெட்டில், எண்ணெய் பிரிக்கிற தொட்டி கட்டி, சொட்டுக் கூட வெளியே போகாமல். ஓடைத்துறையில் இரு கரையிலும் இருநூறு அடிக்கு மரம் வைத்து மூன்று வருஷம் நான் வளர்க்க வேண்டும். பட்டுப்போனால் திரும்ப வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷக் கழுவலுக்கு அபராதம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம், ஆறு தவணை. முதல் தவணை கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது. கோப்பு உன் அறைக்கு வரும்போது அந்த ரசீதையும் தேடிப் பார். நல்ல அலமாரியாகப் பார்த்து வை.

முதல் பேருந்து ஏறும் நாளில் நீ வர வேண்டும். ஜன்னல் ஓர இருக்கை, பிரேக்குக்கு நேர் பின்னால், போட்டு வைக்கிறேன். டிரைவர், கிளீனர் வீட்டாருக்குப் பாதி விலை. அரசு ஊழியருக்குச் சலுகை கிடையாது, என் தங்கைக்கும் கிடையாது. போக வர அறுபது. சில்லறையாகக் கொண்டு வா.

அண்ணன்